ஹூஸ்டன் நம்ம பக்கமாக்கும்

எங்கள் ஊர் கோட்டுகாலில் பந்து என்றால் காலால் உதைப்பது. கையால் தொட்டவனுக்கு விசில். அடிமலத்துறைக் கடற்கரையில் வலை உலராத நாளிலும் பந்து உருளும். கொஞ்சம் தெற்கே போனால் பொழியூர். சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. கேரளம் 2018-லும் 2022-லும் அந்தக் கோப்பையை எடுத்தபோது எங்கள் பக்கத்து ஆட்கள் தாங்களே தலையால் முட்டி கோல் போட்டதுபோல நடந்துகொண்டார்கள்.

கூடைப்பந்து கேரளத்துக்குப் புதிதல்ல. சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடிய கீது அன்னா ஜோஸ், 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.-வின் மூன்று அணிகளில் தேர்வாட்டம் ஆடிப் பார்த்தவர். ஆனால் சங்கனாச்சேரி வடக்கே இருக்கிறது. வடக்கே நடப்பதெல்லாம் எங்களுக்குப் பத்திரிகைச் செய்தி.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு சாயக்கடை நிறைய ஆட்கள், 2025 ஏப்ரல் 8 செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதி ஆட்டத்துக்காகக் கூடியிருந்தார்கள். கூட்டியவள் என் தங்கை மகள். ஹூஸ்டனில் நர்ஸ்.

மார்ச் மாதம் அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கோடு கோடாக, குடும்ப மரம் மாதிரி. ஆனால் மரம் தலைகீழாகப் படுத்துக் கிடந்தது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் 68 கல்லூரிகள் மோதும் போட்டி. ஒரு தோல்வி, வீட்டுக்குப் போ. முதல் சில்லறை ஆட்டங்களைக் கழித்தால் 63 ஆட்டங்கள். போட்டி தொடங்கும் முன்பே எல்லாவற்றுக்கும் யார் ஜெயிப்பார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ‘பிராக்கெட்’ என்று பெயர். அவள் வார்டில் தலைக்கு ஐந்து டாலர் போட்டு எல்லோரும் நிரப்புகிறார்களாம். “மாமா, நீங்க கணக்கு சாறல்லியா, நிரப்பித் தாங்க” என்றாள்.

முப்பது வருஷம் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவனிடம் இப்படிக் கேட்டால் அவன் முதலில் செய்வது நிரப்புவதல்ல, எண்ணுவது. ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவு. 63 ஆட்டத்துக்கு இரண்டின் 63-ஆம் அடுக்கு. சாயக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன்: “தொண்ணூற்றிரண்டாயிரம் கோடி கோடி வழிகளில் ஒன்றுதான் முழுசாகச் சரி.” 2014-ல் வாரன் பஃபெட் பின்னால் நிற்க, ஒரு கடன் கம்பெனி முழு பிராக்கெட்டுக்கு நூறு கோடி டாலர் தருவதாக அறிவித்தது, யாருக்கும் கொடுக்க வேண்டி வரவில்லை என்றும் சொன்னேன்.

பக்கத்தில் லாட்டரி மாமன் தன் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதைவிட இன்பமான செய்தி அந்த வருஷம் கிடைத்திருக்காது.

“சாறே, அப்போ எனக்க டிக்கெட்டு?”

2022 ஓணம் பம்பர், ஒன்றாம் பரிசு 25 கோடி. விற்றது அறுபத்தைந்து லட்சத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் அவருடைய டிக்கெட் அமெரிக்கன் பிராக்கெட்டைவிட லட்சம் கோடி மடங்கு நல்லது. சொன்னேன். அன்றிலிருந்து அவர் கூவும் வசனம் மாறிவிட்டது: “அமெரிக்கக்காரனுக்கதை விட லட்சம் கோடி பங்கு பலன்! கணக்கு சாறு சொன்னதாக்கும்!” என் முப்பது வருஷப் பாடத்தில் ஒரு வரிகூட இவ்வளவு தூரம் போனதில்லை.

எங்கள் ஊரில் அதிர்ஷ்டத்துக்கு எல்லைக்கல் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு போயின. நெய்யாற்றின்கரை திருவனந்தபுரத்தோடு நின்றது. பெண் கொடுத்த வீடு அங்கே, பெண் எடுத்த வீடு இங்கே. 2003-ல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தது. கேரளத்திலோ 1967 முதல் அரசாங்கமே டிக்கெட் அடிக்கிறது; இப்போது தினம் ஒரு பேர் வைத்து, மத்தியானம் மூன்று மணிக்கு நறுக்கெடுப்பு நடத்துகிறது. பாறசாலையில் பாக்கெட்டில் இருக்கும் காகிதம் மாநில வருமானம். அதே காகிதம் களியக்காவிளையில் விற்பனைக்கு வந்தால் குற்றம். அந்தப் பக்கத்து மச்சான்கள் கல்யாணம் விசாரிக்க வருவதுபோல வருவார்கள். சாயாவுக்குப் பின் மெல்லக் கேட்பார்கள்: “ஸ்த்ரீ சக்தி இருக்கா?” 2023 ஓணம் பம்பரின் 25 கோடியே எல்லை தாண்டி நான்கு தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் போயிற்று. லாட்டரி மாமன் அதை இன்னும் மன்னிக்கவில்லை. டிக்கெட் அவர் விற்றதல்ல என்பதுதான் உண்மையான வருத்தம்.

இதை மருமகளிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். அவள் இருக்கும் டெக்சாஸும் அப்படித்தானாம். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயம் வேண்டுமா வேண்டாமா என்று அந்தந்த மாநிலமே முடிவு செய்யட்டும் என்றது. பக்கத்து லூசியானா வேண்டும் என்றது. டெக்சாஸ் இன்னும் சம்மதிக்கவில்லை. ஹூஸ்டன்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி லேக் சார்லஸ் போய் சூதாடிவிட்டு வருகிறார்கள். இறுதி ஆட்டம் நடக்கவிருந்த சான் ஆன்டோனியோவும் டெக்சாஸ்தான். அரங்கத்துக்குள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கலாம், அதன்மேல் சட்டப்படி பந்தயம் கட்ட முடியாது. உலகம் முழுக்கக் களியக்காவிளைகள்தான் போலிருக்கிறது.

இறுதிக்கு வந்தவை ப்ளோரிடாவும் ஹூஸ்டனும். சாயக்கடையில் முன்னோட்டம் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. “ஹூஸ்டன் நம்ம பக்கமாக்கும்” என்றார் வக்கீல் குமாஸ்தா.

அவர் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் முப்பது வருஷமாகக் குமாஸ்தா. மீசை வக்கீலுடையதைவிடப் பெரிது. வாதத்துக்கு ஆதாரம் கையில் வைத்திருந்தார். ஹூஸ்டன் பக்கம் மிசௌரி சிட்டி என்ற பட்டணத்துக்கு 2020-ல் மேயரானவர் ராபின் இலக்காட்டு. அடுத்த ஊரான ஸ்டாஃபோர்டில் அப்போது மேயர் கென் மாத்யூ. அந்த வட்டாரத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டிக்கு 2018-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கே.பி. ஜார்ஜ், நம்ம பத்தனம்திட்டைக்காரர். மூவரும் மலையாளிகள். ஆஸ்பத்திரி எல்லாம் நம்ம பிள்ளைகள். “ப்ளோரிடாவில ஆரிருக்கா? முதலை இருக்கு.” உண்மைதான், அந்த அணியின் பெயரே முதலை.

நான் ப்ளோரிடா என்றேன். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் வள்ளம் கவிழும் என்பதற்காக மட்டுமல்ல. அந்த சீசனில் ஹூஸ்டன் எதிராளிக்குச் சராசரி 58 புள்ளிதான் கொடுத்தது, நாட்டிலேயே குறைவு. ப்ளோரிடா 85 அளவில் போட்டது. பிடிப்பவனும் ஓடுபவனும். அரையிறுதியில் ஹூஸ்டன் எட்டு நிமிஷம் பாக்கி இருக்கையில் 14 புள்ளி பின்னால் கிடந்து, டியூக் அணியை 70–67 என்று கவிழ்த்தது; அது வீரம்தான், ஆனால் ஒரு ஆளுக்கு மாதம் ஒரு தடவைக்கு மேல் வராத வீரம். ப்ளோரிடாவில் வால்டர் கிளேட்டன் என்று ஒரு பையன். அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 34 புள்ளி. அதோடு ப்ளோரிடா 2006, 2007-ல் பட்டம் எடுத்த வீடு. ஹூஸ்டனோ, ஒலாஜுவான் என்ற ஆட்டக்காரர் 1983-லும் 1984-லும் இறுதிவரை இழுத்துக்கொண்டு போயும் எடுக்காத வீடு. 83-ல் தோற்றது 54–52, கடைசி நொடியில்.

“அது அம்மாவன் காலத்துக் கேஸ். டிஸ்மிஸ்” என்றார் குமாஸ்தா.

அமெரிக்கப் பந்தயக்காரர்கள் ப்ளோரிடாவுக்கு ஒன்று, ஒன்றரைப் புள்ளி சுமை வைத்திருப்பதாக மருமகள் சொல்லியிருந்தாள். அதாவது ப்ளோரிடா ஒன்றரைக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் ப்ளோரிடாவில் பணம் வைத்தவனுக்கு லாபம். ஒரு புள்ளியில் ஜெயித்தால் கோப்பை ப்ளோரிடாவுக்கு, காசு ஹூஸ்டன்காரனுக்கு. இதைச் சாயக்கடையில் விளக்கப் பட்ட பாடு இருக்கிறதே! கால்பந்து சேட்டன் எழுந்தே நின்றுவிட்டார். “தோத்தவன் எப்படி ஜெயிப்பான்? பின்னே அரைப் புள்ளி ஆரு போடுவா? பந்தைப் பாதி போடுவானா?” அரைப் புள்ளி யாரும் போட முடியாது, அதனால்தான் அது இருக்கிறது, சமமாக முடிந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வராமல் இருக்க என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கணக்கு என்ற பாடத்தின் மேலேயே சந்தேகம் இருந்தது.

அதில் நியாயம் உண்டு. இந்தச் சுமை வைக்கிற முறையை 1940-களில் சிகாகோவில் பரப்பியவர் என்று சார்லஸ் மக்நீல் என்பவரைச் சொல்வார்கள். பந்தயத் தொழிலுக்கு வருமுன் அவர் கணக்கு வாத்தியார். பென்ஷனுக்குப் பின் டியூஷன் எடுப்பதைத் தவிர வேறு வழியும் இருந்திருக்கிறது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. ஆனால் வாத்தியார் திறந்த கதவு வழியாக வேறு ஆட்களும் வந்தார்கள். வித்தியாசத்தின் மேல் பந்தயம் என்றால், காசு வாங்கிக்கொண்ட ஆட்டக்காரன் தோற்கவே வேண்டாம்; பத்தில் ஜெயிக்க வேண்டியதை நாலில் ஜெயித்தால் போதும். நியூயார்க் சிட்டி காலேஜ் 1950-ல் நாட்டின் இரண்டு பெரிய பட்டங்களையும் ஒரே வருஷத்தில் எடுத்தது. 1951-ல் அதே பையன்களில் பலரைப் போலீஸ் பிடித்தது. ஜெயித்துக்கொண்டே ஏமாற்றுவது என்ற கலையை அதுவரை அரசியல்வாதிகள் மட்டும்தான் வைத்திருந்தார்கள்.

எங்கள் பந்தயத்தில் காசு கிடையாது. அது சாயக்கடை அண்ணனின் சட்டம்; காசு வைத்தால் கேஸ் வரும், கேஸ் வந்தால் கடைக்கு வரும். உலகக் கோப்பை சமயத்தில் கேரளம் முழுக்க நடக்கிற முறைதான்: தோற்றவன் உடம்பில் ஏதாவது இழக்க வேண்டும். குமாஸ்தா தானாகவே முன்வந்தார். ஹூஸ்டன் ஒன்றரைக்கு மேல் தோற்றால் பாதி மீசை. நான் தோற்றால் ஒரு மாதம் கோர்ட் வாசல்வரை அவருக்குக் குடை பிடித்து நடக்க வேண்டும். சாட்சி, லாட்டரி மாமன்.

ஆட்டம் பார்த்த விதம் தனி. மருமகள் வீடியோ காலில் வந்து போனைத் தன் டி.வி.க்கு நேரே பிடித்தாள். அவளுக்குக் கை வலித்தால் சீலிங் ஃபேன் தெரியும். குழந்தை அழுதால் அடுக்களை தெரியும். ஹூஸ்டன்காரர்கள் பாய்ந்து பந்தைப் பிடுங்கும் முக்கியமான கட்டத்தில் நாங்கள் அவள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “நல்ல ஃப்ரிட்ஜாக்கும்” என்றார் சேட்டன்.

பாதி ஆட்டத்தில் ஹூஸ்டன் 31, ப்ளோரிடா 28. என் கிளேட்டன், முப்பத்தி நாலு புள்ளிக்காரன், முதல் பாதியில் போட்டது சைபர். அவனை இரண்டு பேர் சேர்ந்து ஒட்டிக்கொண்டார்கள், ரேஷன் கடையில் முன்னால் நிற்பவனை ஒட்டுவதுபோல. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்சத்தில் வித்தியாசம் 12 ஆயிற்று. குமாஸ்தா எழுந்து மீசையை இரண்டு பக்கமும் தனித்தனியாக நீவினார். பின்பு கடையைப் பார்த்துக் கையை விரித்தார்: “எல்லாருக்கும் ஏத்தங்காய் அப்பம். சாயா. எனக்க கணக்கில.”

கோட்டுகாலில் ஏத்தங்காய் அப்பம் என்பது வடக்கே பழம்பொரி. சூடாக இருந்தது. நானும் இரண்டு தின்றேன். எதிர்க்கட்சி என்பதற்காகப் பட்டினி கிடக்க முடியாது.

அப்பம் தின்று முடியும்போது வித்தியாசம் கரையத் தொடங்கியது. சைபர் பையன் இரண்டாம் பாதியில் 11 புள்ளி போட்டான். ஹூஸ்டனின் பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சனுக்கு வயது 69. ஜெயித்திருந்தால் பட்டம் எடுத்தவர்களிலேயே மூத்தவர் ஆகியிருப்பார். அவர் முகத்தில் பஸ் தவறப்போகிறது என்று தெரிந்த பெரியவரின் களை வந்தது. கடைசி நிமிஷத்தில் ப்ளோரிடா முந்தியது. 65–63. பந்து ஹூஸ்டன் கையில், நொடிகள் கரைகின்றன. இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எம்பினான். எதிரே கிளேட்டன் பாய்ந்து வந்தான். எறிந்தால் தட்டுவான், பிடித்துக்கொண்டு தரையில் இறங்கினால் தப்பாட்டம். ஷார்ப் நடுவானில் பந்தைக் கைவிட்டான். பந்து தரையில் துள்ளுகிறது. அவன் தொடக்கூடாது, தொட்டால் விசில். தன் பந்தைத் தானே காவல் காத்து நின்றான். ப்ளோரிடாவின் காண்டன் என்ற நெட்டையன் அதன்மேல் விழுந்தான். ஹூஸ்டனால் எறியக்கூட முடியவில்லை.

வித்தியாசம் இரண்டு. ஒன்றரையைவிட அரை அதிகம்.

“அரைப் புள்ளி ஆரு போடுவான்னு கேட்டீரே, இதா” என்றேன் சேட்டனிடம். அவர் மரியாதையாகக் கும்பிட்டார். எல்லோரும் குமாஸ்தாவின் மீசையைப் பார்த்தோம். யாரோ எதிர்க்கடை பார்பரைக் கூப்பிட ஆளனுப்பினார்கள்.

குமாஸ்தா சாவதானமாக வேட்டியை மடித்துக் கட்டினார். “ஒன்னாமது, ப்ளோரிடா ஜெயிக்கல்ல, ஹூஸ்டன் தோத்ததாக்கும். ரெண்டாமது, 1872-லெ இந்திய ஒப்பந்தச் சட்டம், முப்பதாம் பிரிவு. பந்தயமா வைக்கப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. ஜெயிச்சதைக் கேட்டு ஒருத்தனும் வழக்குப் போட ஒக்காது. எனக்க மீசைமேல் சாறுக்கு ஒரு உரிமையும் இல்ல.”

சொன்னது முழுக்கச் சரி. அந்தப் பிரிவில் ஒரே விலக்கு, ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாத குதிரைப் பந்தயப் பரிசு. “அடுத்தப் பிராவிசியம் குதிரை வைப்போம் சாறே” என்று லாட்டரி மாமன் என்னைத் தேற்றினார். பார்பர் கத்தியோடு வாசலில் நின்றுவிட்டு, சாயா குடித்துவிட்டுத் திரும்பினான்.

குமாஸ்தா குடையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பும்போது சாயக்கடை அண்ணன் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே கூப்பிட்டார்.

“மீசை போட்டும். அது பந்தயமாக்கும். ஏத்தங்காய் அப்பம் பந்தயமில்லல்லா? அது கச்சவடம். இருபத்தாறு அப்பம், பதினெட்டுச் சாயா. அதுக்கு எத்தனாமது பிரிவு?”

குமாஸ்தா கொஞ்ச நேரம் சட்டத்தை யோசித்தார். பின்பு பர்ஸை எடுத்தார்.

“பார்பருக்க சாயாவுமா இதில?”

“அதுவும்தான்.”