பல்லைப் பிடித்துப் பார்க்கும் அண்ணன்

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் ராட்செட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது டூல்ஸ் அண்ணனின் கொள்கை. இந்த அண்ணன் ஒருவர் அல்லர். ஸ்கூடாயில் ஒருவர் இருப்பார், மாசாயில் ஒருவர், கூலாயில் இரண்டு பேர். ஜொகூரில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டில், காடி நிற்க வேண்டிய இடத்தில், சிவப்புச் சாயம் பூசிய இழுப்பறைப் பெட்டி ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கும். காடி வெளியே வெயிலில் காயும். அதுதான் அண்ணன் வீடு.

வயது நாற்பதுக்கு மேல். வேலை சிங்கப்பூரில். விடிவதற்கு வெகு முன்பே மோட்டாரை முடுக்கிக்கொண்டு காஸ்வே வரிசையில் போய் நிற்பவர். மெக்கானிக் அல்லர் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏதாவது கிடங்கில் சூப்பர்வைசராக இருப்பார், இல்லை பாதுகாப்பு அதிகாரியாக இருப்பார். நட்டு கழற்றிச் சோறு தின்பவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை.

ராட்செட் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நட்டின் மேல் சாக்கெட்டை மாட்டி, கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் நட்டு சுற்றும். திருப்பி இழுத்தால் கைப்பிடி மட்டும் ‘கிரிக் கிரிக்’ என்று சும்மா வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. உள்ளே ஒரு பல்சக்கரம், அதைப் பிடித்து நிறுத்த ஒரு நாக்கு, நாக்கைத் தள்ள ஒரு ஸ்பிரிங். 1863-லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அப்புறம் இதில் புதுசாக என்ன வந்துவிடப் போகிறது என்று அண்ணனிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

“உக்காரு தம்பி. பசியாறிட்டியா?” என்று ஆரம்பிப்பார். அது உபசாரம் அல்ல, எச்சரிக்கை. “36 பல்லுன்னா, ஒரு பல்லு விழ 10 டிகிரி கைய ஆட்டணும். 72-ன்னா 5 டிகிரி. 90-ன்னா 4. 120-ன்னா 3. மைவி பானெட்டத் தொறந்து உள்ள கைய விட்டுப் பாரு. 10 டிகிரி ஆட்ட எடம் எங்க இருக்கு?”

இந்தக் கணக்கில் தவறில்லை. 360-ஐப் பல்லால் வகுத்தால் அதுதான் வரும். ஆனால் அண்ணன் அங்கே நிற்க மாட்டார். பல் கூடக் கூட ஒவ்வொரு பல்லும் சிறுக்கும். அதனால் நாக்கை அகலப்படுத்தி ஒரே நேரத்தில் பல பற்களைக் கவ்வ வைக்க வேண்டும். சில கம்பெனிகள் இரண்டு நாக்கு வைக்கும். ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாகிவிட்டால் வேறு வம்பு. பாதி கழன்ற நட்டு லேசாக இருக்கும். கைப்பிடியைத் திருப்பும்போது நட்டும் கூடவே திரும்பி வரும். அப்போது 120 பல் இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை. இதைச் சோதிக்க அண்ணனிடம் ஒரு முறை உண்டு. மிகச் சின்ன சாக்கெட்டை மாட்டி, அதை இரண்டு விரலால் பூப்போலப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை மெல்லப் பின்னுக்குச் சுற்றுவார். விரலுக்குள் சாக்கெட் அசைந்தால் முகம் சுருங்கும். அசையாவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு காதருகே கொண்டுபோய் இன்னொரு சுற்று. பின்னால் வரிசையில் பெயிண்ட் டப்பாவோடு நிற்கும் மக்களைப் பற்றிக் கவலையில்லை. கல்லாவில் இருக்கும் தவுக்கே ஒன்றும் சொல்ல மாட்டார். இப்படி ஒருவர் வாரா வாரம் வந்தால்தான் அந்தக் கண்ணாடி அலமாரிக்கே ஒரு மரியாதை.

கம்பெனிகளின் ஜாதகமும் அண்ணனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஸ்டால்வில்லே, 1862, ஜெர்மனி. ஸ்னாப்-ஆன், 1920, அமெரிக்கா. கைப்பிடி வேறு சாக்கெட் வேறு என்று பிரித்து, மாற்றி மாற்றி மாட்டலாம் என்று விற்றே பெரிய ஆளானவர்கள். கேடிசி, 1950, கியோட்டோ; அவர்களுடைய உயர்தர வரிசையான நெப்ரோஸில் 90 பல். பெயரை உச்சரிக்கும்போது அண்ணன் குரல் தானாகத் தணியும். கோக்கென்னும் ஜப்பான்தான். இவற்றில் ஒரு கைப்பிடிக்குக் கொடுக்கும் வெள்ளியில் மிஸ்டர் டிஐஒய்-யில் ஒரு பெட்டி நிறைய அள்ளி வரலாம். அந்தப் பெட்டியின் மேலும் ‘குரோம் வெனேடியம்’ என்றுதான் எழுதியிருக்கும். பசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு விற்கும் ஸ்பேனரிலும் அதுவேதான். எழுதுவதற்கு என்ன, எழுதலாம் என்பார் அண்ணன்.

ஒரு விஷயத்தில் மட்டும் உலகமே அவருக்குப் புதிர். ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் நட்டை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். சாக்கெட் மாட்டும் சதுரக் கட்டையை மட்டும் இன்னும் அங்குலத்தில்தான் செய்கிறார்கள். கால், 3/8, அரை. அண்ணனிடம் மூன்றிலும் உண்டு. நீளக் கழுத்தில் உண்டு, குட்டைக் கழுத்தில் உண்டு, தலை மடங்குவதில் உண்டு. மூன்று மூன்றாக ஒன்பதாகி, அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

விருந்தாளி கிளம்பும் நேரம் பார்த்து பீட்டர் ராபர்ட்ஸ் புராணம் தொடங்கும். அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பதினெட்டு வயதுப் பையன். ஒரு கையாலேயே, ஒரு பட்டனை அழுத்திச் சாக்கெட்டைக் கழற்றும் வழியைக் கண்டுபிடித்தான். 1965-ல் காப்புரிமை கிடைத்தது. கம்பெனி, விற்கும் ஒவ்வொன்றுக்கும் 2 காசு வீதம், அதிகபட்சம் 10 ஆயிரம் டாலர் என்று எழுதி வாங்கிக்கொண்டு, லட்சக்கணக்கில் விற்றுத் தள்ளியது. பையன் 1969-ல் கோர்ட்டுக்குப் போனான். வழக்கு முடிந்து சமரசத்துக்கு வர 1989 ஆனது. கிடைத்தது 82 லட்சம் டாலர். இந்த இடத்தில் அண்ணன் பட்டனை ஒருமுறை அழுத்திக் காட்டுவார். சாக்கெட் ‘டொக்’ என்று தரையில் விழும். “இருபது வருஷம் தம்பி, இந்த டொக்குக்கு!” கதை முழுக்க உண்மை. கல்யாண வீட்டிலும் சொல்வதற்கு ஏற்ற கதையா என்பதில்தான் அண்ணிக்கு அபிப்பிராய பேதம்.

அண்ணி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அண்ணனின் சேகரிப்பு வளர்ந்ததில் மாநில அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 2014 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. அண்ணனுக்கோ சிங்கப்பூர்க் கணக்கில் ஞாயிறு லீவு. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், அண்ணனும் பார்சலும் மட்டும் வீட்டில். அட்டைப் பெட்டியைக் கிழித்து, எண்ணெய்த் தாளை உருவி, ராட்செட்டை இழுப்பறையின் அடியில் சேர்த்து, அட்டையை அடுத்த தெருக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வர அரை மணி நேரம் போதும். பதினோரு வருஷம் இந்தப் பொற்காலம் நடந்தது. 2025 ஜனவரி முதல் விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பத்தோடு இருக்க நேரம் கிடைத்ததென்று ஊரே மகிழ்ந்தது. அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பார்சல் வந்தால் அண்ணிதான் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார்.

“என்னங்க இது, இவ்வளவு கனமா இருக்கு?”

“ராட்செட்டும்மா.”

“போன மாசம் வந்தது?”

“அது 72.”

“பின்னாடி குளியலறைல பைப்பு ஒழுகி ரெண்டு வாரம் ஆச்சு. பத்து ராட்செட்டு இருக்கு, ஒண்ண வச்சு முடுக்கக் கூடாதா?”

“அதுக்கு இது உதவாதும்மா. பைப் ரெஞ்சு வேணும்.”

“அதை வாங்க வேண்டியதுதானே!”

நியாயமான கேள்வி. பைப் ரெஞ்சுக்கும் பல் உண்டு. ஆனால் யாரும் அதை எண்ணி விளம்பரம் செய்வதில்லை. அண்ணனுக்கு அதில் ஈடுபாடு வர வழியில்லை.

வாங்குவதைவிட வாங்கப் போவதுதான் அவருக்கு இன்பம் என்று எனக்கு வெகு நாளாகச் சந்தேகம். ஜப்பான் கம்பெனி புது மாதிரி ஒன்றை விடப் போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து ஆள் வேறு மாதிரி ஆகிவிடுவார். காஸ்வேயில் மோட்டார் மேல் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். தலை எத்தனை மில்லி தடிமன், திசை மாற்றும் லீவர் உள்ளே பதிந்திருக்கிறதா, விரல் பட்டால் தானாகத் திரும்பிவிடுமா. முன்னால் வரிசை நகர்ந்துவிடும். பின்னால் நூறு ஹாரன் அலறும். சிங்கப்பூரில் வாங்கினால் என்ன விலை, இணையத்தில் வெளிநாட்டிலிருந்து தருவித்தால் என்ன, 500 வெள்ளிக்கு உட்பட்டதற்கு 2024 ஜனவரியிலிருந்து போட்டிருக்கும் பத்து விழுக்காட்டு வரி எவ்வளவு, 11.11 தள்ளுபடிக்குக் காத்திருந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு பழைய டைரியில் பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கும். பார்சல் செனாய் வந்துவிட்டது என்று செய்தி வந்த இரவு தூக்கம் கிடையாது. கையில் வந்த மூன்றாம் நாள் அடுத்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பழைய சாமான் சந்தையில் அவர் நடிப்பைப் பார்க்க வேண்டும். விரித்துப் போட்ட கித்தான் மேல் பழைய மிக்சி, செருப்பு, காலாவதியான கைப்பேசி, நடுவே எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு ஜப்பான் ராட்செட் கிடக்கும். உடைத்த காடிகளோடு எங்கிருந்தோ வந்தது. அண்ணன் அதைப் பார்க்கவே மாட்டார். மிக்சி ஓடுமா என்பார், ஜாடியைத் திறந்து முகர்வார், வேண்டாம் என்று எழுந்திருப்பார், போகிற போக்கில் “இந்த இரும்பு என்ன விலை?” என்பார். கண் பளபளத்தால் விலை இரட்டிப்பாகும் என்பது அனுபவம்.

ஆயுத பூஜை அன்று மொத்தமும் வெளியே வரும். வெள்ளைத் துண்டு விரித்து, அளவு வாரியாக அடுக்கி, பொரியும் கடலையும் வைத்து, சாம்பிராணி போடுவார்கள். தோட்டத்தில் அப்பா காலத்தில் பூஜைக்கு வைக்க ஒரு 10-12 ஸ்பேனரும் பால் வெட்டும் கத்தியும்தான் இருந்தன. அதை அண்ணன் ஒவ்வொரு வருஷமும் சொல்வார், ஒவ்வொரு வருஷமும் நாமும் கேட்போம். அண்ணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தால் மட்டும் பதறிவிடுவார். கைப்பிடியின் வால் நுனியில் ஒரு பொட்டு வைக்கலாம். தலைப் பக்கம் கூடாது. குங்குமத் தூள் பல்லுக்குள் போய்விடும். பூஜை முடிந்ததும் பஞ்சில் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உள்ளே போகும்.

தம்போயில் நான் காடி விடும் பட்டறையில் போர்மேன் ஒருவர் இருக்கிறார். அவர் ராட்செட்டில் பெயர் தேய்ந்து போயிருக்கும், கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். அண்ணன் ஒருமுறை என்னோடு வந்து, ஆவலோடு “எத்தனை பல்லு?” என்று கேட்டார். “எண்ணுனதில்ல பாஸ். கழலுதுல்ல?” என்று சொல்லிவிட்டு அவர் காடிக்கு அடியில் போய்விட்டார். திரும்பும் வழி முழுக்க அண்ணன் பேசவில்லை.

இவ்வளவு ராட்செட்டும் ஒரு நாள் அவசரத்துக்கு உதவ வந்தது. அதிகாலை நான்கு மணி. பக்கத்து வீட்டுத் தம்பியின் மைவி கிளம்பவில்லை; பேட்டரி செத்துவிட்டது. மாற்றுப் பேட்டரி கைவசம் இருந்தது. “அண்ணே!” என்று ஒரு குரல்தான் கொடுத்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றியில் டார்ச் மாட்டிக்கொண்டு, நெப்ரோஸைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணன் வந்தார். “கறுப்பு வயர முதல்ல கழட்டணும். அதான் முறை” என்றார். சரியான முறைதான். முனையைக் கழற்ற 10 மில்லி சாக்கெட் வேண்டும். இழுப்பறையைத் திறந்தார். 8 இருந்தது. 9 இருந்தது. 11, 12, 13, வரிசையாக 24 வரை இருந்தது. 10 இருந்த குழி மட்டும் காலி. அடுத்த இழுப்பறை, அதற்கடுத்தது. ஐந்து செட் சாக்கெட்டிலும் அந்த ஒரு குழி காலி.

ஊரில் யார் ஸ்பேனர் இரவல் கேட்டாலும் 10 மில்லிதான் கேட்பார்கள். இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வராது. திருப்பிக் கேட்கவும் வராது.

கடைசியில் சாமி மேடைக்குக் கீழேயிருந்து அப்பாவின் 10-12 ஸ்பேனர் வந்தது. நாலே திருப்பில் வேலை முடிந்தது. தம்பி கும்பிடு போட்டுவிட்டுப் பறந்தான். அண்ணன் டார்ச்சை அணைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். “எடம் ரொம்ப நெருக்கம். இதுக்குத்தான் 120 பல்லுல ஒண்ணு வாங்கிப் போடணும்ங்கிறேன்” என்றார்.

வீட்டுக்கு ஒன்று வாங்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு இது: 3/8 அங்குலம், 72 பல், தைவானில் செய்த நல்ல சரக்கு ஏதாவது ஒன்று. ஆயுசுக்கும் போதும். இறுகிய நட்டுக்கு நீளமான பிரேக்கர் பார் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ராட்செட்டின் வாலில் பைப்பைச் செருகி ஏறி மிதிக்காதீர்கள், பல் போய்விடும். 10 மில்லி சாக்கெட் மட்டும் மூன்றாக வாங்குங்கள். கடைக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், பொழுது சாய்ந்துவிடும். அவருடைய 10 மில்லி உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ஏன் இத்தனை நாள் என்று அவர் கேட்கவே மாட்டார்.