மாயாவியின் கை

கேள்வி: காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களை அந்தக் கதைகளின் சினிமா எப்போதாவது திருப்திப்படுத்துமா? (வாசகர், கோவளம்)

பதில்: நிச்சயம் முடியும். ஆனால் தொப்பியும் குதிரையும் அச்சு அசலாக இருந்தால் போதும் என்று நினைக்கிற இயக்குநரால் முடியாது. லயன் காமிக்ஸ் வாசகர்கள் கொண்டாடும் டெக்ஸ் வில்லர் 1985-இல் இத்தாலியில் படமானார். ஜூலியானோ ஜெம்மா நாயகன். கதை காமிக்ஸிலிருந்தே எடுத்தது. டெக்ஸைப் படைத்த போனெல்லியே திரையில் தோன்றினார். படம் ஓடவில்லை. அப்படியானால் கதையை மாற்றிவிடலாமே என்பீர்கள். 2004-இல் இன்னொரு காமிக்ஸ் நாயகனான நம் கேப்டன் டைகரை மாற்றித்தான் எடுத்தார்கள். மந்திரவாதச் சடங்கும் மயக்கக் காட்சிகளுமாகப் போன படத்தில் ரசிகர்கள் தேடிய டைகர் கிடைக்கவில்லை. ஸ்பீல்பெர்க்கும் 2011-இல் மூன்று டின்டின் புத்தகங்களைப் பிசைந்து ஒன்றாக்கினார். இருந்தும் டின்டினைப் படைத்த எர்ஜேயின் துள்ளல் ஓட்டம் கைநழுவவில்லை.

ஆக, காப்பாற்ற வேண்டியது வாசிப்பின் ஓட்டத்தை. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியையே பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, உலோகக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் அந்தக் கை அசையாது. அடுத்த கட்டத்துக்குக் கண் தாவும் இடைவெளியில் அதை நகர்த்துகிறவர் வாசகர்தான்! கிராபிக்ஸ் அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. இருட்டறை, பூட்டிய கதவு, மெல்லத் திரும்பும் கைப்பிடி. இவ்வளவு மட்டும் காட்டத் துணிகிற இயக்குநர் வரட்டும், முதல் காட்சிக்கு முதல் ஆளாக நிற்கிறேன்.