கேபிளைத் தொட்ட பாவம்

ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் ஐந்தாறு ‘க்ளிக்’கில் பிடிக்க வேண்டும். என் காரில் அது பாதி கூரை வரைக்கும் வரும். அபார்ட்மென்ட் சரிவில் நிறுத்தினால் டயருக்கு ஒரு செங்கல் அண்டக்கொடுப்பேன். வாட்ச்மேன் அந்தக் கல்லுக்கு ‘சார் பிரேக்’ என்றே பெயர் வைத்திருந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கல் இருக்கும். வெட்கப்படாதீர்கள்.

மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். நான் வீடியோ பார்த்தேன். லீவருக்கு அடியில் ஒரு நட். அதை முறுக்கினால் கேபிள் இறுகும். முறுக்கினேன். இரண்டே க்ளிக்கில் கப்பென்று பிடித்தது. மனைவியைக் கூப்பிட்டு இழுத்துக் காட்டினேன். “அடுப்புல பால் இருக்கு” என்று போய்விட்டாள்.

மறுநாள் பைபாஸில் கருகல் வாசம். முன்னால் போன லாரிக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். லாரி சர்வீஸ் ரோட்டில் இறங்கிவிட்டது. வாசம் இறங்கவில்லை.

விஷயம் இதுதான். பின் சக்கரத்து டிரம்முக்குள் பிறை மாதிரி இரண்டு ஷூ. மிதித்தாலும் லீவரை இழுத்தாலும் அவை விரிந்து டிரம்மை உரசி நிறுத்தும். லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும், லீவரும் உயரும். அந்த இடைவெளியை உள்ளே இருக்கும் ஸ்டார் வீலைத் திருப்பிக் குறைக்க வேண்டும். கேபிள் கடைசி வேலை. நான் கடைசியிலிருந்து ஆரம்பித்ததில், ஷூ சதா டிரம்மை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. லூயி ரெனோ 1902-லேயே செய்துவிட்ட சமாச்சாரம் இந்த டிரம் பிரேக். எனக்குக் கொஞ்சம் லேட்டாக வந்து சேர்ந்தது.

பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால் பெரும்பாலான வேலையை முன் சக்கரங்களே பார்த்துவிடும். அதனால் பின்னால் நடப்பது நமக்கு உறைப்பதில்லை. எனக்குப் பொதுவாகவே உறைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டு வீலைக் கழற்றினேன். டிரம் வரவில்லை. சுத்தியலால் தட்டினேன், பிறகு அடித்தேன், பிறகு அதன் பரம்பரையை விசாரித்தேன். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார். “சார், ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டீங்களா?”

முன் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு லீவரை இறக்கினார், கேபிளைத் தளர்த்தினார். டிரம் அவர் கைக்குப் பூ மாதிரி வந்தது. உள்ளே கறுப்புத் தூசி. நான் குனிந்து ‘ஃபூ’ என்று ஊதப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்தார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டுமாம். சரி, ஷூ விரிகிறதா பார்ப்போம் என்று பெடலை மிதிக்கப் போனேன். “ஐயோ சார், வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே வந்துடும்!” நான் தொடாத வரைக்கும் அந்தக் கார் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது.

டிரம்மை மாட்டி, சக்கரம் சுற்றும்போது லேசாக உரசும் வரை ஸ்டார் வீலைத் திருப்பி, பிறகு ஒரு துளி பின்வாங்கினார். மறுபக்கத்தை எனக்குக் கொடுத்தார். அதே திசையில் அக்கறையாகத் திருப்பினேன். அந்தப் பக்கம் மரை எதிர்த்திசையாம். நன்றாகத் தளர்த்தி வைத்திருந்தேன்.

“முன்னாடி ஒர்க்‌ஷாப்ல இருந்தேன் சார், நீங்க கேக்கவே இல்லையே” என்றார்.

இப்போது பிளாட்டில் யாருக்கு பிரேக் தகராறு என்றாலும் அவரிடம்தான் போகிறார்கள். ஜாக்கி மட்டும் என்னிடம் வாங்கிக்கொள்கிறார்கள்.