பெருந்தவளை பேணியல்: இருப்பு, ஊண், பொருள் பற்றி ஓர் ஆராய்ச்சி

மாட்டுக்கு வாகடம் உண்டு. குதிரைக்கும் யானைக்கும் உண்டு. தவளைக்கு ஒன்று கண்ணில் பட்டதில்லை. அக்குறை தீர எழுந்ததே இக்கட்டுரை என்க.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிர் ஆப்பிரிக்கப் பெருந்தவளை. பிக்சிசெஃபாலஸ் அட்ஸ்பெர்சஸ் என்று 1838-இல் அதற்குப் பெயர் சூட்டியவர் சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் சூடி. பிறந்த வீடு தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா பக்கத்துப் புல்வெளி. புகுந்த வீடு, இக்கட்டுரையைப் பொறுத்தவரை, அமெரிக்க வாடகைக் குடியிருப்பு ஒன்றின் கூடத்து மூலை. அங்கே கடையில் இதை 'பிக்ஸி' என்று செல்லமாக விற்கிறார்கள். வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்த ஆணோ இருபது சென்டிமீட்டரைத் தாண்டும். எடை ஒரு கிலோவுக்கு மேல் போகும். தவளைக் குலத்தில் பெரும்பாலும் பெண்தான் பெரிது, இங்கே ஆண். செல்லப் பெயரை நம்பி வாங்கி, தொட்டியை மாற்றிக்கொண்டே இருந்தவர்களின் வரலாறு தனி நூலாக விரியும்.

அற்றேல், நம்மூர் வயலில் கத்துகிற பெருந்தவளையைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தால் செலவு மிச்சமாகாதோ எனின், ஆகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. தவளைக்கால் ஏற்றுமதிக்கே 1987-இல் தடை வந்துவிட்டது. எனவே அது ஆய்வெல்லைக்குப் புறம்பு.

இனி இருப்பியல். வளர்ந்த தவளைக்கு 20 கேலன் நீளத் தொட்டியாவது வேண்டும் என்பது வளர்ப்போர் பலரும் ஒப்பிய அளவு. நம் கணக்கில் ஏறக்குறைய 75 லிட்டர். இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். உயரத்துக்குக் காசு கொடுப்பது வீண். இத்தவளை ஏறுகிற சாதி அல்ல, நீச்சலும் அரைகுறை. பின்னங்காலில் மண் தோண்டவென்றே ஒரு கெட்டி விளிம்பு உண்டு. அதைக் கொண்டு பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கி, இரண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். விருந்தினர் வந்து பார்த்தால் தெரிவது மண்தான். துணைக்கு இன்னொன்றை விடலாமே என்று இரக்கப்படுவோர் ஒன்றை அறிக: ஒரே தொட்டியில் இரண்டு விட்டால் சில நாளில் ஒன்றுதான் இருக்கும், அது கொஞ்சம் கொழுத்திருக்கும்.

படுக்கை பற்றி ஆசிரியர்களிடையே இரு கட்சி. காகிதக் கட்சியார் ஈரமான காகிதத் துவாலையை விரித்துத் தினமும் மாற்றுக என்பர். சுத்தம் நிச்சயம், ஆனால் புதைய ஆசைப்படும் பிராணியைக் காகிதத்தின் மேல் உட்காரவைப்பது, சாப்பாட்டுப் படத்தைக் காட்டிப் பந்தியில் உட்காரவைப்பதுதான். நார்க் கட்சியார் தென்னைநார்த் தூள் என்பர். நாம் இக்கட்சி, அதற்கு ஊர்ப்பற்றும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. உலகத்தில் விற்கும் நார்த்தூள் கட்டிகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போவது. பொள்ளாச்சிப் பக்கம் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் மலையாய்க் குவிந்து, எடுத்துப்போக ஆளில்லாமல் கிடந்த கழிவைத்தான் இன்று கழுவி, உப்பைக் குறைத்து, காயவைத்து, செங்கல் அளவில் அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். வாளித் தண்ணீரில் ஒரு கட்டியைப் போட்டால் அரைமணி நேரத்தில் பொங்கி வாளி வழியும். கூழாங்கல்லை மட்டும் இரு கட்சியாரும் விலக்குவர். இரையோடு சேர்த்து அதையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். தவளை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. அதே பாத்திரத்தில்தான் மலமும் கழிக்கிறது. ஆகவே தினமும் மாற்றவேண்டும். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒருநாள் வைத்தால் குளோரின் போய்விடும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலக்கிற குளோரமைன் அப்படிப் போகாது. அதற்கென்று மருந்து இரண்டு சொட்டு விடவேண்டும். நீரின் ஆழம் தவளையின் தாடைக்கு மேல் போகக்கூடாது. தண்ணீரில் மூழ்கிச் சாகும் தவளை உண்டோ என்று நகைப்போர், நகைக்க.

ஊணியலே இந்த ஆராய்ச்சியின் இதயம். தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. இங்கே அதன் வாயால் கெடுவது வளர்ப்பவரின் பணப்பை.

இது அசைவதை மட்டும் தின்னும், அசைவதையெல்லாம் தின்னும். விரலும் அசைவதே, கீழ்த்தாடையில் பல்லைப் போல எலும்புக் கூர்கள் இருப்பதை நினைவில் வைத்து இடுக்கியால் ஊட்டுக. ஒரு பெரிய மண்புழுவை நீட்டினால் நிகழ்வது இது: முதலில் ஒன்றும் நிகழாது. பிறகு தவளை இருந்த இடத்தில் இல்லை, புழு வாயில் இருக்கிறது. இரு கடைவாயிலும் தொங்கும் நுனிகளை முன்கை இரண்டாலும் அவசரமாக உள்ளே தள்ளும். அப்போது கண்கள் இரண்டும் மண்டைக்குள் அமிழ்ந்து மறையும். பக்தியால் அன்று, கண்விழியை உள்ளே இறக்கித்தான் இரையைத் தொண்டைக்குத் தள்ளுகிறது.

சுவர்க்கோழி, கரப்பான், மண்புழு ஆகியவை அன்றாட இரை. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் இருமுறை. உறையவைத்த எலிக்குஞ்சு எப்போதாவது. அதை அடிக்கடி கொடுத்தால் கொழுப்பேறிக் கண்ணில் வெண்படலம் விழும். ஆனால் பூச்சியை அப்படியே போடலாகாது. பூச்சி வெறும் வயிறாக இருந்தால் தவளைக்குச் சத்து சேராது. ஆகவே பூச்சிக்கு முதல்நாளே கேரட், கீரை கொடுத்து வயிற்றை நிரப்பவேண்டும். அதற்கு முட்டை அட்டையில் வீடு கட்டவேண்டும், செத்ததைப் பொறுக்கவேண்டும், இரவெல்லாம் அதன் கச்சேரியைக் கேட்கவேண்டும். பிறகு கால்சியம் பொடியில் குலுக்கி, திருநீறு பூசிய அடியார்களாக வரிசையில் அனுப்பவேண்டும். ஒரு தவளை வளர்ப்பவர் உண்மையில் வளர்ப்பது நூற்றுக்கணக்கான பூச்சிகள். தவளை அந்தப் பண்ணையின் ஒரே வாடிக்கையாளர், அதுவும் காசு கொடுக்காத வாடிக்கையாளர். இதுவே இக்கட்டுரையின் துணிபு.

கத்தாது, வழவழப்பான சுவரில் ஏறாது, குட்டி போடும் என்ற மூன்று நற்குணத்தால் டூபியா என்ற தென்னமெரிக்கக் கரப்பானைச் சிறந்ததென்பர். மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டில் அம்மா வந்து தங்கியிருக்கும் காலத்தில், காசு கொடுத்துக் கரப்பான் வாங்கிக் காய் நறுக்கிப் போடுவதை எப்படி விளக்குவது என்பதற்கு நூல்களில் விடை இல்லை.

போதுமான அளவு ஊட்டுகிறோமா என்பதை எடையால் அறிக. தவளையைத் தராசில் நிறுப்பது ஆகாத காரியம் என்பார்கள். இந்தத் தவளை எளிதில் துள்ளாது. சமையலறை எடைக்கருவியின் மேல் பிளாஸ்டிக் டப்பாவை வைத்து உள்ளே விட்டால், காற்றை இழுத்து இரு மடங்காக ஊதிக்கொண்டு உட்காரும். எண் மட்டும் மாறுவதில்லை.

பொருளியலைச் சுருக்கியே சொல்லலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். குட்டியை 50 டாலருக்கு வாங்கியதாகவும், இரைக்கும் பொடிக்கும் மாதம் 15 டாலர் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 180. இருபத்தைந்து ஆண்டுக்கு 4,500. தவளை விலையைப்போல் தொண்ணூறு மடங்கு. தொட்டி, சூட்டு விளக்கு, வெப்பமானி, நார்த்தூள், தவளையைத் தொட்டுப் பார்க்கச் சம்மதிக்கும் மருத்துவர் எல்லாம் இதற்கு மேல். காட்டில் வறட்சி வந்தால் இது மண்ணுக்குள் போய், தன் உரிந்த தோலையே அடுக்கடுக்காகப் போர்த்திக்கொண்டு, மூத்திரப்பையில் சேர்த்த நீரைச் செலவழித்து மாதக்கணக்கில் தின்னாமல் கிடக்கும். தொட்டியைக் காயப்போட்டு அந்த மாதங்களின் இரைக்காசை மிச்சம் பிடிக்கலாமே என்று எண்ணுவோர் உளர். அவர்கள் தவளை வளர்க்காதிருப்பது இன்னும் சிக்கனம்.

இருபத்தைந்து ஆண்டு மிகையோ எனின், அன்று. நன்றாகப் பேணினால் அதற்கு மேலும் வாழக்கூடியது இது. அமெரிக்காவில் வீட்டுக்கடன் முப்பது ஆண்டு. நாற்பது வயதில் வீட்டையும் தவளையையும் சேர்ந்தாற்போல் வாங்கியவர், கடைசித் தவணை கட்டும் நாளிலும் சுவர்க்கோழிக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. வீடு யாருக்கு, நகை யாருக்கு என்பதில் பிள்ளைகளுக்குள் வழக்கு வரும். தவளை யாருக்கு என்பதில் வராது, அங்கேதான் சிக்கல். ஆகவே உயிலில் இதற்கென ஒரு பத்தி வேண்டும், இரைக்காசுக்கு ஒரு தொகையும் ஒதுக்கவேண்டும். வாரிசாகக் கருதியவரை இரை போடும் நாளில் ஒருமுறை அழைத்துவந்து காட்டுவது முறை. கையெழுத்து வாங்குவது அதற்கு முன்பா பின்பா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; முன்பு என்பதே நம் கட்சி.