பழசா புதுசா? பிரிக்காமப் பேசு!

ஏலே பேராண்டி, பழைய படிப்பு ஒசத்தியா புதுப் படிப்பு ஒசத்தியான்னு கூட்டாளிகளோட மல்லுக்கு நிக்கியாமே? நல்லா நில்லு. ஆனா எதுலயும் ஒரு தொழில் சுத்தம் வேணும்லா? வெள்ளக்காரன் இதுல முந்நூறு வருசத்துக்கு முந்தியே கரை கண்டவன். கேட்டுக்கோ.

பேசணும்னா சமயம் பாத்துப் பேசு. 1687-ல, பதினாலாம் லூயி ராசா அறுவை முடிஞ்சு தேறி வந்த சந்தோசத்துக்குப் பாரீசுல பிரெஞ்சு அகாதமி கூடிச்சு. ஷார்ல் பெரோ எழுதுன பாட்டை அங்க படிச்சாவ. கிரேக்க, ரோமப் பழசெல்லாம் என்ன பிரமாதம், நம்ம ராசா காலம் எதுல கொறஞ்சுபோச்சுன்னு பாட்டு. ராசாவை முன்னால நிறுத்திட்டா எவன்லே மறுப்பான்? புவாலோன்னு ஒரு கவிராயருதான் பொறுக்கமாட்டாம குதிச்சாரு.

புகழணும்னா சோதிக்காமப் புகழு. 1690-ல இங்கிலாந்துல வில்லியம் டெம்பிள் துரை, ஆகப் பழசுதான் ஆக ஒசத்தி, ஃபாலரிஸ் ராசா எழுதுன கடுதாசிகளைப் பாருங்கன்னாரு. சிசிலியில ஆளைக் காளை பொம்மைக்குள்ள போட்டு வறுத்தான்னு பேரெடுத்த மகராசன் அவன். ரிச்சர்ட் பெண்ட்லின்னு ஒரு படிப்பாளி சும்மா கெடக்காம 1697-ல அதைக் கிண்டிட்டாரு. செத்து முந்நூறு வருசம் கிட்ட ஆனபெறவு கட்டப்போற ஃபின்டியா ஊர்க்காரங்ககிட்ட ராசா கடன் வாங்குதாரு! சிசிலிப் பேச்சை விட்டுட்டு ஏதென்ஸ் பேச்சுல எழுதுதாரு! எல்லாம் பின்னால எவனோ கட்டுன சரக்கு.

சரி, ஏச்சு யாருக்கு? பெண்ட்லிக்குத்தான். பழசைக் கரைச்சுக் குடிச்ச மனுசனைப் புதுசுக் கட்சியில தள்ளி, டெம்பிள் வீட்டுல எழுத்து வேலை பாத்த ஜோனதன் ஸ்விஃப்ட், 1704-ல வந்த ‘புத்தகப் போர்’ல கிழிகிழின்னு கிழிச்சாரு.

புதுசுக்குக் கொடி பிடிச்ச பெரோ கதை இன்னும் ருசி. ராசா பாட்டை இன்னைக்கு எவன் படிக்கான்? 1697-ல கெழவிமாரு சொல்லுத சிண்ட்ரெல்லா கதையை எழுதி வச்சாரு பாரு, அதுதான் அவரு பேரைக் காப்பாத்துது.

அதனால நீ எந்தக் கட்சியில வேணும்னாலும் சேருலே. பெண்ட்லி மாதிரி புத்தகத்தை மட்டும் பிரிச்சுராத. பிரிச்சா சண்டை போட நேரம் இருக்காது. பெறவு ரெண்டு கட்சிக்காரனும் ஒண்ணாச் சேந்து உன்னைத்தான் அடிப்பான்.