தாட்சிக்கலியல்: தென்காசி வட்டாரப் பிரிண்டர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆபீசுக்குப் பிரிண்டர் வாங்குகிறவர்கள் எந்த ஊரிலும் முதலில் விலையைக் கேட்பார்கள். தென்காசியில் கேட்க வேண்டியது மாதம். ஆனியா, மாசியா? இதை அறியாமல் எழுதப்பட்ட 'வாங்குவோர் கையேடுகள்' அனைத்தையும் இவ்வாய்வு சமவெளிப் பாடம் எனத் தள்ளுகிறது.

ஆய்வுக்களத்துக்கு மேற்கெல்லை ஆரியங்காவுக் கணவாய். கிழக்கெல்லை கடைசி ஜெராக்ஸ் கடை. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், கலெக்டருக்கு மனு கொடுக்கத் திருநெல்வேலி போய், அங்குள்ள காய்ந்த காற்றில் பிரிண்ட் எடுக்கும் வாய்ப்பு அன்றோடு பறிபோனதை எந்த வரலாற்றாசிரியரும் குறிக்கவில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய் வழியே நுழைந்து சாரலாகத் தூவுகிறது. குற்றாலத்து ஐந்தருவிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருபவர் குளித்துவிட்டு, துவட்டிக்கொண்டு போய்விடுவார். டிரேயில் கிடக்கும் ஏ4 தாளுக்குத் துவட்ட ஆளில்லை. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் நமத்த அப்பளம்.

இனிக் கடாவும் விடையும்.

கடா: "அண்ணாச்சி, மிஷின் புகையுது!"

விடை: "புகை இல்ல தம்பி, ஆவி."

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியின் இவ்விடை சூத்திரம் போன்றது; விரித்துரைக்கிறோம். லேசர் பிரிண்டரில் டோனர் என்பது மை அன்று, பிளாஸ்டிக் கலந்த தூள். மின்னூட்டத்தின் இழுப்பில் அது தாளின்மேல் ஒட்டுகிறது. பிறகு, ஏறக்குறைய 200 டிகிரிச் சூட்டில் இருக்கும் ஃபியூசர் அதை உருக்கிப் பதிக்கிறது. தாள் நமத்திருந்தால் நீர் ஆவியாகி மேலெழும். தாள் சுருளும், சுருண்டது சிக்கும். ஈரத்தில் மின்னூட்டம் கசிவதால் எழுத்தும் வெளிறும். உடனே டோனரைக் கழற்றி, இரு கையாலும் ஆட்டும் சடங்கு தொடங்கும். தூள் தீரும் தறுவாயில் இதற்குப் பலன் உண்டு. ஆடி மாதத்தில் கைக்கு வலிதான் மிச்சம்.

இது தென்காசிக்கு மட்டும் நேர்ந்த துயரம் என்று கருதற்க. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ஈரத்தால் தாள் நீள்வதும் சுருங்குவதுமாய் இருந்ததால், ஓர் அச்சகத்தில் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்ததே நவீன ஏசியின் தொடக்கம். ஆக, ஏசி பிறந்தது தாளுக்காக. மேலாளர் அறைக்குப் போனது பிற்கால இடைச்செருகல்.

கடா: அப்படியானால் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கலாமே?

விடை: இதுவே இவ்வாய்வின் மையம். இங்க் டேங்கில் தாளைச் சுடும் ஃபியூசர் கிடையாது. ஆகவே ஆவியும் இல்லை. நமத்த தாளையும் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதன் வண்ண மை பலவற்றில் நீரில் கரைவது. சாரலில் நனைந்தபடி ஆபீஸ் வாசல் சேர்வதற்குள் மனுதாரரின் புகைப்படம் முகமிழக்கும். லேசரிலோ, தாள் வருவதுதான் பாடு. வந்த எழுத்து சாரலுக்குக் கரையாது. குற்றாலத்தில் ஒரு பிரிண்டர் அச்சிட மறுக்கும், மற்றொன்று அச்சிட்டதைக் காக்க மறுக்கும் என்க.

சீசன் முடிந்து வெயில் ஏறினால் இங்க் டேங்குக்கு வேறு நோய். சும்மா கிடந்தால் நாசில் காய்ந்து அடைக்கும். 'ஹெட் கிளீனிங்' கொடுத்தால் நல்ல மையே கழிவு மையாகி, உள்ளிருக்கும் பஞ்சில் சேரும். பஞ்சு நிறைந்ததாகக் கணக்கு வந்ததும் பிரிண்டர் வேலைநிறுத்தம் அறிவிக்கும்.

கடா: டோனர் பெட்டியில் போட்ட பக்கக் கணக்கு ஏன் வருவதில்லை?

விடை: அது ஏறத்தாழ 5 சதவீதம் கருப்பு விழும் பக்கத்துக்கான கணக்கு. ஓரத்தில் இடம் விடுவதைச் செலவாகக் கருதும் நம் மனுக்களை அந்த அளவுகோல் கண்டதில்லை.

தாளின் எந்தப் பக்கம் மேலே என்ற கேள்விக்கு விடை ரீம் உறையின் ஓரத்திலேயே அம்புக்குறியாக உண்டு. ஆனால் கடைகளில் முதலில் குப்பைக்குப் போவது அந்த உறைதான். ஈரம் புகாதபடி செய்யப்பட்ட கவசம் அது! அதைக் கிழித்தெறிந்து, 500 தாளையும் டிரேயில் அடுக்கிவிட்டுக் கம்பெனியைத் திட்டுவது முறையன்று.

தீர்ப்பு: தென்காசிக்குக் கருப்பு-வெள்ளை லேசரே தகும். அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை உறையோடு மூடி வைக்கவும். இங்க் டேங்க் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது அச்சிடுக. மனுவைப் பிளாஸ்டிக் ஃபைலில் வைத்துக் கொண்டுபோகவும். ஃபைல் அண்ணாச்சி கடையிலேயே கிடைக்கும்.