மாரியோ வளர்ந்தானா?

குழாய் வேலை பார்க்கும் ஒருவன் எட்டு உலகங்களைக் கடக்கிறான். பாதாளத்தில் இறங்குகிறான், கடலடியில் நீந்துகிறான், கோட்டை கோட்டையாக நெருப்பைத் தாண்டுகிறான். கடைசியில் இளவரசியின் முன்னால் போய் நிற்கிறான். இவ்வளவு அலைந்தவனிடம் ஏதாவது வளர்ச்சி ஏற்பட்டதா? 1985 செப்டம்பர் 13 அன்று நின்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டை ஜப்பானில் வெளியிட்டது. அன்றுமுதல் அறிஞர் பெருமக்கள் இந்த வினாவைத் தொடாமலே பதவி ஓய்வு பெற்று வருகிறார்கள். அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் மூலபாடம். எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு லெவல், ஆக 32 லெவல். இவையும் இசையும் படங்களும் சேர்ந்து மொத்தம் 40 கிலோபைட். காலையில் உறவினர் குழுவில் வந்து விழும் ரோஜாப்பூ 'குட் மார்னிங்' படம் ஒன்று இதைவிடப் பெரிது. இடம் இல்லாத இடத்தில் சிக்கனம் பிறக்கும். வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான். மேலே வெள்ளை, கீழே பச்சை. 5-3, அதாவது ஐந்தாம் உலகின் மூன்றாம் லெவல், பெரும்பாலும் 1-3 தான். 6-4 என்பது 1-4 கோட்டைதான், கூடுதலாகக் கொஞ்சம் நெருப்பு வைத்தது. தம்பி லூயிஜிக்குத் தனி உடல்கூடக் கிடையாது. அண்ணனின் உருவத்துக்கே வேறு நிறம் பூசி இரண்டாம் ஆட்டக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். இளைய பிள்ளைகள் பலருக்கும் இதில் வியப்பு இருக்காது.

தலைவனின் வரலாறும் சிக்கனத்தின் வரலாறே. 1981இல் 'டாங்கி காங்' விளையாட்டில் வந்தபோது அவன் பெயர் ஜம்ப்மேன், தொழில் தச்சு. குழாய்த் தொழிலுக்கு மாறியது 1983இல். நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைக்குக் கிடங்கு வாடகைக்குக் கொடுத்திருந்த மாரியோ சேகாலி என்பவரின் பெயர் இவனுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. சில புள்ளிகளில் தலைமுடி வரைய முடியவில்லை என்பதால் தொப்பி. வாய் வரைய இடமில்லை என்பதால் மீசை. கை ஆடுவது தனியாகத் தெரியவேண்டும் என்பதால் தோள்பட்டி வைத்த அந்த உடுப்பு. இந்த மீசையில் வீரத்தின் குறியீட்டைக் காண முயலும் ஆய்வாளர்கள், அது வாயை மறைக்க வந்த மீசை என்பதை மனத்தில் கொள்க.

இனி திணைப் பகுப்பு. இந்த விளையாட்டில் வரும் நிலங்களைத் தொகுத்தால் சமதரை, பாதாளம், நீர், உயரத்து மேடை, கோட்டை என்று ஐந்து தேறும். ஐந்து என்ற எண் தட்டுப்பட்டதும் தமிழ் ஆய்வாளருக்குக் கை அரிக்கும். அரிப்பை அடக்குவது ஆய்வுக்கு அழகன்று. நிலம் ஐந்து. பொழுதும் உண்டு: மூன்றாம், ஆறாம் உலகங்களில் வானம் கறுத்து இரவாகிவிடும். கருப்பொருள் ஆமை, காளான், பூ, நாணயம். உரிப்பொருளில்தான் சிக்கல். எந்த நிலத்துக்குப் போனாலும் தலைவி அங்கே இல்லை. ஏழு உலகங்களின் இறுதியிலும் கோட்டையின் உள்ளே நிற்பவர் காளான் தலை கொண்ட ஒரு பணியாள். நன்றி சொல்லிவிட்டு, இளவரசி வேறு கோட்டையில் இருப்பதாகத் தகவல் தருகிறார். எனவே நிலம் எதுவானாலும் ஒழுக்கம் பிரிவே. 32 லெவலில் 31 முழுப் பாலை. 32ஆவதும் கடைசி அறைவரை பாலைதான்.

இந்தக் கோட்டைகளில் இன்னொரு மோசடியும் நடக்கிறது. ஒவ்வொன்றிலும் பாலத்தின்மேல் நின்று நெருப்புக் கக்கும் பௌசர்தான் வில்லன் என்று நம்பியே நாம் போரிடுகிறோம். பாலத்தின் மறுமுனையில் உள்ள கோடரியைத் தொட்டால் பாலம் அறுந்து, அவன் தீக்குழம்பில் விழுவான். பெரும்பாலானோர் இப்படியே முடித்துவிடுவார்கள். உண்மை தெரியாமலே போய்விடும். கோடரியைத் தொடாமல் ஐந்து தீப்பந்துகளை எறிந்து கொன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதல் ஏழு கோட்டைகளிலும் இருப்பவன் பௌசரே இல்லை. முதல் கோட்டையில் செத்து விழுவது கூம்பா. 1-1இன் தொடக்கத்தில் போகிறபோக்கில் மிதித்து நசுக்கிய அதே பழுப்புக் காளான் பிராணி, வேடம் போட்டு வந்திருக்கிறது. இரண்டாவதில் ஒரு ஆமை. அசல் பௌசர் எட்டாம் உலகத்தில்தான்.

இப்போது மைய வினாவுக்கு வரலாம். மாரியோவுக்கு வாய்க்கும் நிலைகள் மூன்று: குட்டை, நெட்டை, தீ எறியும் நெட்டை. காளானைத் தின்றால் நெட்டை; பூவைத் தொட்டால் தீ. இவ்விரண்டும் 1-1லேயே கிடைத்துவிடுகின்றன. கொஞ்ச நேரம் எதுவும் தீண்ட முடியாதவனாக ஆக்கும் நட்சத்திரமும் அங்கேயே இருக்கிறது. உச்சப் பதவி முதல் லெவலிலேயே வந்துவிட்டால் மீதி 31 லெவலில் பெறுவதற்கு என்ன இருக்கிறது? இழக்கத்தான் இருக்கிறது. தீ எறியும் மாரியோவின் மேல் ஒரே ஒரு ஆமை உரசினாலும் இடைப்பட்ட நிலைகூட இல்லாமல் நேராகக் குட்டையாகிவிடுவான். 8-4இல் அவன் தாவும் உயரம் 1-1இல் தாவிய உயரம்தான். ஓட்டமும் அதே ஓட்டம். வாளில்லை, கேடயமில்லை, வயது ஏறவில்லை. புள்ளிக்கணக்கு மட்டும் திரையின் மேல் மூலையில் ஏறிக்கொண்டிருக்கும். அதைக் கொண்டு கடையில் ஒன்றும் வாங்க முடியாது. அங்கே கடையே இல்லை.

அப்படியானால் வளர்ந்தது யார்? விடை 1-1இன் முதல் சில அடிகளில் இருக்கிறது. ஷிகேரு மியாமோடோவும் தகாஷி தேசுகாவும் அமைத்த அந்தத் தொடக்கத்தை வரிவரியாக உரை எழுதிப் படிக்க வேண்டும்.

திரை திறக்கும்போது மாரியோ இடப்பக்கம் நிற்கிறான். வலப்பக்கம் வெட்டவெளி. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் நகர்ந்தால் அந்தரத்தில் கேள்விக்குறி போட்ட ஒரு பெட்டி. எதிரே கூம்பா நடந்து வருகிறது. சும்மா நின்றால் அது முட்டி ஒரு லைஃப் போகும். ஆனால் தொடங்கிய இடம் பக்கத்திலேயே இருப்பதால் பெரிய நட்டமில்லை. பயந்து தாவினாலோ, ஒன்று பெட்டியில் தலை இடித்து நாணயம் கொட்டும், இல்லையென்றால் கூம்பாவின் தலையில் விழுந்து அது நசுங்கும். தப்பிக்க நினைத்தவனுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தாகிவிட்டது. அடுத்து, செங்கல் வரிசையில் உள்ள பெட்டியை இடித்ததும் காளான் வெளியே வருகிறது. இப்போதுதான் காளான் போன்ற ஒன்றிடம் உதை வாங்கியிருப்பதால், இதைக் கண்டாலும் ஓடத் தோன்றும். காளான் வலப்பக்கம் போய்க் கீழே விழுந்து, பச்சைக் குழாயில் மோதி, மாரியோவை நோக்கியே திரும்பி வருகிறது. தாவித் தப்பலாம் என்றால் தலைக்கு மேலே செங்கல். காளான் வந்து தொடுகிறது. அவன் சாகவில்லை, வளர்கிறான்! லெவலின் முடிவுக்கு அருகே இரண்டு படிக்கட்டுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி வரும். அதன் அடியில் தரை இருக்கிறது, தவறி விழுந்தாலும் ஆபத்தில்லை. சற்றுத் தள்ளி அதே போல இன்னொரு இடைவெளி, அடியில் பள்ளம். பயிற்சி முன்னால், தேர்வு பின்னால். ஓர் எழுத்துகூட இல்லாமல் இவ்வளவும் நடந்துவிடுகிறது. நூலை முடித்துவிட்டுப் பாயிரம் எழுதுவார்கள் என்பது நாம் அறிந்த வழக்கம். மியாமோடோவும் இந்த முதல் லெவலைப் பிந்தியே அமைத்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

எனவே இவ்வாய்வின் முடிபு: வளர்வது மாரியோ அல்ல, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கட்டைவிரல்.

இதற்கு மறுப்புரைப்பார் உண்டு. பாத்திரத்துக்கே லெவல் ஏறுவதுதான் தொன்மையான மரபு என்பது அவர்கள் கட்சி. 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டில் மந்திரவாதிக்கும் வீரனுக்கும் லெவல் எண் உண்டு. 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டின் நாயகன் முதல் லெவலில் தொடங்கி முப்பதாவது வரை ஏறுவான். ஜப்பானியப் பதிப்பில் அன்றைய ஆட்டத்தை நிறுத்தும்போது இருபது எழுத்துக் கொண்ட ஒரு மந்திரத்தைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் நாயகன் திரும்பி வரமாட்டான். போக்கேமானில் மாஜிகார்ப் என்றொரு மீன். துள்ளுவதைத் தவிர எதற்கும் உதவாதது. அது இருபதாவது லெவலை எட்டியதும் கியாரடோஸ் என்ற பூதமாக மாறிவிடும்.

மறுப்பு வலுவானதுதான். ஆனால் அங்கே வளர்ச்சி பாத்திரத்திடம் சேமிப்பில் இருக்கிறது. முப்பதாவது லெவல் நாயகனைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தாலும் அவன் வலிமை குறையாது. மாரியோவை 8-1இல் வைத்து அதே பையனிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் சில அடிகளிலேயே தெரிந்துவிடும், மாரியோவின் வலிமை இதுவரை யாரிடம் இருந்தது என்று.

தலைவியின் நிலை என்ன என்று கேட்போருக்கு 1988ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்பு விடை சொல்லும். அந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' விளையாட்டில் ஆட நால்வர் கிடைக்கிறார்கள்: மாரியோ, லூயிஜி, காளான் தலை டோட், இளவரசி. முதல் கதை முழுக்க ஏதோ ஒரு கோட்டையில் காத்துக் கிடந்தவர், இதில் தாவிய பிறகு கொஞ்ச நேரம் காற்றில் மிதக்கவும் செய்கிறார். பள்ளம் தாண்டத் தெரியாத ஆரம்பநிலை ஆட்டக்காரர்கள் முதலில் இவரைத்தான் எடுத்தார்கள். எடுக்காதவர்கள் வீராப்புப் பார்த்தவர்கள். இந்தப் பதிப்பு உண்மையில் 1987இல் ஜப்பானில் வந்த 'டோகி டோகி பேனிக்' என்ற வேறொரு விளையாட்டின் உடலில் மாரியோ குடும்பத்தைப் பூசியது. லூயிஜி இருக்கும் இடத்தில் அங்கே இருந்தவர் அந்த விளையாட்டில் வரும் குடும்பத்தின் அம்மா. ஆட்டம் முடிந்ததும் யாரை வைத்து எத்தனை லெவல் கடந்தீர்கள் என்ற கணக்கு திரையில் வரும். பிறகு மாரியோ கட்டிலில் படுத்திருப்பது தெரியும், எல்லாம் கனவாம். வளர்ச்சி பற்றிய நம் ஐயத்தை ஆசிரியர்களே ஒப்புக்கொண்ட இடம் இது.

பாடபேதங்களைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டு வீடுகளில் 1990களில் இந்த நூல் பரவியது 'டிவி கேம்' என்று விற்ற நகல் பெட்டிகளின் வழியாகத்தான். கூடவே '9999 இன் 1' என்று ஒட்டிய கேசட் வரும். அதில் உண்மையில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய விளையாட்டுகள். மீதியெல்லாம் அவையே, ஒன்று மூன்றாம் உலகத்தில் தொடங்கும், இன்னொன்று கூடுதல் லைஃபோடு தொடங்கும். லெவல் என்பதை ஒரு பயணமாகக் கருதாமல், பட்டியலிலிருந்து பொறுக்கிக்கொள்ளும் பண்டமாக மாற்றிய பெருமை அந்தத் தொகுப்பாசிரியர்களையே சாரும்.

இடைச்செருகலும் உண்டு. 1-2இன் முடிவில் சுவரை ஒரு குறிப்பிட்ட விதத்தில் ஊடுருவிக் குழாயில் இறங்கினால் '-1' என்ற உலகம் வரும். எந்த ஆசிரியரும் எழுதாத லெவல் இது. நிரலில் அதன் உலக எண் 36. அந்த எண்ணுக்குரிய இடத்தில் வெற்றுக் கட்டம் இருப்பதால் திரையில் கோடும் ஒன்றும் மட்டும் தெரிகிறது. கேசட் பதிப்பில் அது முடிவில்லாத நீர். எவ்வளவு நீந்தினாலும் தொடங்கிய இடத்துக்கே வரும். ஜப்பானிய வட்டுப் பதிப்பிலோ மூன்று லெவலில் முடிந்துவிடுகிறது. எது மூலம் என்று வாதிடுவோர் வாதிடலாம்.

கட்டைவிரல் வளர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும்? இயந்திரம் முந்திக்கொண்டு படுத்துவிடும். 3-1இன் கடைசிப் படியில் ஆமையைத் திரும்பத் திரும்ப மிதித்து லைஃப் சேர்க்கும் வித்தை பலருக்குத் தெரியும். ஆனால் பேராசை பிடித்து 127ஐத் தாண்டிவிட்டால் நிரலுக்கு அது எதிர்மறை எண். அடுத்த சாவிலேயே கேம் ஓவர். 'டாங்கி காங்'கில் நேரக் கணக்கு, லெவலைப் பத்தால் பெருக்கி நாற்பதைக் கூட்டுவது. 22ஆவது லெவலில் அது 260 ஆகும். எட்டு பிட் பெட்டியில் 255க்கு மேல் கொள்ளாது. மிஞ்சுவது 4. தலைவன் ஏணியில் ஏறி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து செத்து விழுவான். 'பேக்-மேன்' 256ஆம் லெவலில் திரையின் வலப்பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதைந்துபோகும்.

1-2இலும் 4-2இலும் உள்ள குறுக்குவழிக் குழாய்களில் புகுந்து போனால் 32 லெவலில் எட்டை மட்டும் ஆடி இளவரசியை அடையலாம். தேர்ந்தவர்கள் இதை ஐந்து நிமிடத்துக்குள் முடித்திருக்கிறார்கள். அவர்கள் கையிலிருந்த மாரியோவும் நாம் முதல் கூம்பாவிடம் சாகக் கொடுத்த மாரியோவும் ஒருவனே. ஒரு புள்ளிகூட வேறுபாடில்லை. இம்முடிபை மறுத்து எழுத விரும்பும் அறிஞர்கள் தாராளமாக எழுதலாம். ஆனால் குறுக்குவழிக் குழாய் எதிலும் இறங்காமல் 32 லெவலையும் கடந்துவிட்டு எழுதும்படி வேண்டிக்கொள்கிறோம்.